காட்டு மான்களுக்குக் கோமாரி வந்தால் அரசு என்ன செய்யும்? குமுளி, கம்பம் வட்டார மக்களுக்கான கேள்வி பதில்

குமுளிக்கு மேற்கிலும் தெற்கிலும் பெரியாறு புலிகள் காப்பகம். கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். இவ்விரண்டையும் ஒட்டி ஏலத்தோட்டங்களும், எஸ்டேட் லயங்களும், மாட்டுத் தொழுவங்களும், மலைமாட்டுக் கிடைகளும் இருக்கின்றன. மிளாக்களுக்கும் காட்டுமாடுகளுக்கும் தொற்றுநோய் வந்தால் அரசு ஏன் மருந்து வைப்பதில்லை, நம் மாடுகளுக்கு மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடு என்ற கேள்விகள் இங்கே அடிக்கடி எழுகின்றன. அவற்றுள் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்?

முதன்மையாகக் கோமாரி நோயைப் பற்றி. காணை என்றும், கேரளப் பக்கம் குளம்பு நோய் என்றும் சொல்லப்படுவது இதுவே. பிளவுபட்ட குளம்புள்ள எல்லா விலங்குகளையும் தாக்கக்கூடிய வைரஸ் நோய் என்பதால் பசு, எருமை, ஆடு, பன்றி ஆகியவற்றோடு மிளா, புள்ளிமான், கேளையாடு, காட்டுமாடு, காட்டுப்பன்றி ஆகியவையும் இதற்கு ஆளாகலாம். உலகில் இந்த வைரஸுக்கு ஏழு வகைகள் உண்டு. இந்தியாவில் இப்போது ஓ, ஏ, ஆசியா 1 என்னும் மூன்று வகைகள் சுற்றுகின்றன. வெள்ளாடு, செம்மறியாடுகளிடமிருந்து பரவும் ஆட்டுக்கொல்லி நோயும், மண்ணில் தங்கியிருந்து தாக்கும் அடைப்பான் நோயும் காட்டு விலங்குகளுக்கு ஆபத்தானவை. அவற்றைத் தேவைப்படும் இடத்தில் குறிப்பிடுகிறோம்.

நோய் கண்ட மிளாவை எப்படி அடையாளம் காண்பது?

மாட்டில் காண்பதே மானிலும் தெரியும். வாயிலிருந்து கயிறுபோல எச்சில் தொங்கும். நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருக்கும். குளம்புக்கு நடுவே புண் இருப்பதால் கால் ஊன்ற முடியாமல் நொண்டும். ஆனால் காட்டு விலங்கு வலியை வெளியே காட்டாது. நொண்டும் மிளாவைப் புலியோ செந்நாயோ விரைவில் பிடித்துவிடும் என்பதால், நோய் பரவியிருந்தாலும் நம் கண்ணில் படுவது மிகச் சிலவே. நீரோடை அருகிலோ தோட்டத்து வேலி ஓரத்திலோ ஒரு மிளா பகல் வேளையிலும் விலகி ஓடாமல் நின்றால், அருகே போகாமல் வனக்காவலருக்கோ வாட்சருக்கோ தகவல் சொல்வதே சரி. நொண்டும் மான் எல்லாமே கோமாரி கண்டதாக இருக்காது. சுருக்குக் கம்பியில் சிக்கிய காயமாகவும் இருக்கலாம், அதையும் வனத்துறை அறிய வேண்டியிருக்கிறது.

நோய் காட்டிலிருந்து மாட்டுக்கு வருகிறதா, மாட்டிலிருந்து காட்டுக்குப் போகிறதா?

நம் நாட்டைப் பொறுத்தவரை மாட்டிலிருந்துதான் காட்டுக்குப் போகிறது. கோமாரி வைரஸை ஆண்டுக்கணக்கில் தன் கூட்டத்துக்குள்ளேயே தக்கவைத்துக்கொள்ளும் காட்டு விலங்கு என்று உறுதியாகத் தெரிந்தது ஆப்பிரிக்கக் காட்டெருமை ஒன்றுதான். அதனிடம் இருப்பதும் ஆப்பிரிக்காவுக்கே உரிய வகைகள். மான்கள் நோயைப் பெற்று, சில காலம் பரப்பி, ஓய்ந்துவிடுகின்றன. மாடுகளில் நோய் தொடர்ந்து இருந்துகொண்டே இருப்பதால்தான் மான்களுக்கு மறுபடியும் மறுபடியும் வருகிறது. ஒரே ஓடையில் தண்ணீர் குடிப்பதும், ஒரே புல்லை மேய்வதும், ஒரே உப்புக்கல்லை நக்குவதும் போதும். எச்சில், சாணம், மூச்சுக்காற்று, ஆளின் செருப்பு, வண்டிச் சக்கரம் ஆகிய அனைத்தும் வைரஸைச் சுமக்கும்.

மானைக் குற்றம் சொல்லும் பேச்சு தோட்டப் பகுதிகளில் நிறையக் கேட்கிறது. அது நியாயமில்லை என்பதோடு, தவறான இடத்தில் கவனத்தைத் திருப்பிவிடுகிறது என்பதே நம் பெரிய கவலை.

அப்படியானால் மான்களுக்கே ஏன் தடுப்பூசி போடக்கூடாது?

கோமாரித் தடுப்பூசியின் காப்பு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கே நிற்கும். ஒரு மிளாவை ஆண்டுக்கு இருமுறை பிடித்தாக வேண்டும். மயக்க ஊசி செலுத்தியோ வலை வைத்தோ பிடிக்கும்போது மான் இனங்களுக்கு ஏற்படும் பதற்றத்தால் தசைகள் சிதைந்து, விடுவித்த சில நாட்களில் அவை இறந்துபோவது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து. நோயால் இறப்பதைவிடப் பிடிப்பதால் இறப்பவை அதிகமாகிவிடக்கூடும். மேலும் மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் காட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். ஊசி போட்டது எது, போடாதது எது என்று அடுத்த முறை பிரித்தறியவும் முடியாது.

ஐரோப்பாவில் நரிகளுக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்தை இரைக்குள் வைத்து விமானத்திலிருந்து போடுகிறார்களே என்று கேட்கலாம். அது விழுங்கினால் வேலை செய்யும் மருந்து. கோமாரிக்கு அப்படிப்பட்ட மருந்து புழக்கத்தில் இல்லை.

வெளிநாடுகளில் நோயுற்ற மான்களை அரசே சுட்டுக் கொன்றிருக்கிறதே, அது பலன் தந்ததா?

ஓரிடத்தில் தந்தது, வேறிடத்தில் தரவில்லை. ஒவ்வொன்றையும் அதன் சூழ்நிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1924இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மாடுகளுக்கு வந்த கோமாரி, ஸ்டானிஸ்லாஸ் தேசிய வனத்தில் இருந்த மான்களுக்கும் பரவியது. அரசு வேட்டைக்காரர்களை அமர்த்தி 22,000க்கும் மேற்பட்ட மான்களைக் கொன்றது. அவற்றுள் நோய்க்குறி இருந்தது ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான். நோய் ஒழிந்தது உண்மை. ஆனால் அங்கே கோமாரி புதிதாக வந்த நோய். பாதிக்கப்பட்ட மாட்டு மந்தைகளையும் சேர்த்தே அழித்தார்கள். மறுபடியும் நோயைக் கொண்டுவரும் மாடு சுற்றுவட்டாரத்தில் இல்லை. இங்கே மான்களை அழித்தாலும் அடுத்த மாதமே தொழுவத்திலிருந்து நோய் திரும்பக் காட்டுக்குள் போகும்.

இன்னொன்று, மான்களை மெல்ல மெல்ல நலிவடையச் செய்து கொல்லும் மூளைநோய். சி.டபிள்யூ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நோய் 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. இதைப் பரப்புவது வைரஸோ பாக்டீரியாவோ அல்ல; பிரியான் எனப்படும் உருக்குலைந்த புரதம். எச்சில், சிறுநீர், சாணம், பிணம் ஆகியவற்றின் வழியாக மண்ணில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. 2002இல் விஸ்கான்சின் மாநிலத்தில் இது தெரியவந்ததும், நோய் கண்ட பகுதியில் மான்களை அறவே குறைத்துவிட அரசு முயன்றது. நில உரிமையாளர்களும் வேட்டைக்காரர்களும் ஒத்துழைக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நோய் பரவிக்கொண்டே போனது. நார்வேயில் 2016இல் காட்டுப் பனிமானிடம் இந்நோய் கண்டபோது, நூர்ஃபியெல்லா மலைப்பகுதியில் நோய் இருந்த பனிமான் கூட்டத்தை, ஏறத்தாழ 2,000 விலங்குகளை, 2018க்குள் முழுமையாக அகற்றினார்கள். ஆயினும் 2020இல் ஹார்டாங்கர்விட்டா என்னும் பக்கத்து மலைச்சமவெளியில் மீண்டும் ஒரு நோயாளி மான் தென்பட்டது. மருந்தே இல்லாத நோய் என்பதால் அவர்களுக்கு வேறு வழி அதிகம் இல்லை. நமக்குக் கோமாரிக்குத் தடுப்பூசி இருக்கிறது. அதைப் போட வேண்டிய விலங்கு நம் தொழுவத்திலேயே கட்டிக் கிடக்கிறது. அது இருக்கும்போது காட்டில் துப்பாக்கியைத் தூக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து.

மாட்டுக்கு ஊசி போட்டால் காட்டு விலங்கு பிழைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, அதுவும் நம் மலையிலேயே உண்டு. வெக்கை நோய் என்ற மாட்டுக் கொள்ளைநோயைக் கம்பம் பள்ளத்தாக்கின் முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1968இல் பந்திப்பூர், முதுமலைக் காடுகளில் அது காட்டுமாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. எழுபதுகளின் நடுவில் பெரியாறு காட்டிலும் காட்டுமாடுகள் அதே நோயால் பெருமளவு அழிந்தன.

அந்த நோய் இன்று உலகிலேயே இல்லை. இந்தியாவில் கடைசியாக 1995இல், தமிழ்நாட்டின் வடஆற்காடு பகுதியில், ஆந்திர எல்லைக்கு அருகே அது தென்பட்டது. 2006இல் இந்தியா நோயற்ற நாடாக ஏற்கப்பட்டது. 2011இல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒழித்த வழி மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஊசி போட்டது, மந்தைகளின் நடமாட்டத்தைக் கண்காணித்தது, நோய் கண்ட ஊரை உடனுக்குடன் அறிந்து சுற்றி வளைத்தது ஆகியவையே. காட்டுமாடுகளையும் மிளாக்களையும் துரத்திப் பிடித்து யாரும் ஊசி போடவில்லை. மாடுகளிடம் நோய் நின்றதும் காட்டிலும் நின்றது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சுற்றுப்புற மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போட்டபின், அறுபதுகளின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்ட் மான்கள் எழுபதுகளின் இறுதியில் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டிப் பெருகின.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? எந்தத் துறை பொறுப்பு?

இரண்டு துறைகளும் பொறுப்பு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவின்படி, சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போடுவதற்கான ஏற்பாடுகளைத் தலைமை வன உயிரினக் காப்பாளர் செய்ய வேண்டும். ஊசி போடாத கால்நடையை யாரும் சரணாலயத்துக்குள் கொண்டுபோகவோ மேய்க்கவோ கூடாது. அதாவது மான்களைக் காப்பதற்கான சட்டமே மாட்டுக்கு ஊசி போடச் சொல்கிறது. நோய் முற்றி இனி பிழைக்காது என்ற நிலையில் உள்ள காட்டு விலங்கைக் கொல்வதற்கும் அதே சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலரின், காரணம் குறிப்பிட்ட எழுத்துபூர்வமான உத்தரவு வேண்டும். தனியார் எவருக்கும் அந்த உரிமை இல்லை.

கால்நடைத் துறைக்கு அதிகாரம் தருவது 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். நோயைத் தெரிவிக்கும் கடமை, பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தல், மாடுகளின் நடமாட்டத்தையும் சந்தையையும் நிறுத்துதல், சோதனைச்சாவடி, பிணத்தை அகற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். ஊசிக்கான செலவை மத்திய அரசு ஏற்கிறது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் கோமாரித் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது.

குறை எங்கே இருக்கிறதென்றால், தமிழ்நாடும் கேரளமும் தத்தம் ஊசிச் சுற்றுக்குத் தனித்தனியே தேதி குறிக்கின்றன. ஒரே ஓடையின் இரு கரையிலும் மேயும் மாடுகளில் ஒரு கரை மாட்டுக்கு மட்டும் காப்பு இருந்தால், அந்த ஓடையில் குடிக்கும் மிளாவுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. தேனி, இடுக்கி மாவட்டங்களின் எல்லை ஊராட்சிகளிலாவது இரு மாநிலங்களும் ஒரே வாரத்தில் ஊசி போட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய பணமோ தேவையில்லை. இரண்டு மாவட்ட அலுவலகங்கள் கலந்து பேசினால் போதும்.

ஊசி போட்டால் பால் குறைகிறது, சினை கலைகிறது என்கிறார்களே?

கோமாரித் தடுப்பூசி பால்போல் வெண்மையான எண்ணெய்க் கலவை. குப்பியை மெதுவாகக் குலுக்கி, மாட்டுக்கு 2 மில்லி அளவு கழுத்துத் தசையில் ஆழமாகச் செலுத்துகிறார்கள். அந்த இடத்தில் சிறு வீக்கமும், ஓரிரு நாள் லேசான காய்ச்சலும், அதனால் சில நாட்களுக்குப் பால் குறைவதும் உண்மைதான். பிறகு பழைய அளவுக்கு வந்துவிடும். கோமாரியே வந்தால் பால் வாரக்கணக்கில் வற்றும், மடிநோய் சேர்ந்துகொள்ளும், கன்று பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே இதயம் பாதித்துச் சாகும், பிழைத்த மாடும் வெயிலில் மூச்சிரைத்து நிற்கும். நிறைசினை மாடாக இருந்தால் ஊசி போட வருபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஈன்ற பின் போட்டுக்கொள்ளலாம். ஊசிக்காரர் வருவதைக் கேட்டு மாட்டைத் தோட்டத்துக்குள் ஓட்டிவிடுவது மட்டும் வேண்டாம். ஊரில் மறைக்கப்பட்ட சில மாடுகளே வைரஸ் தங்குவதற்குப் போதும்.

கன்றுக்கு நான்கு மாதம் நிறைந்ததும் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. காதில் மாட்டும் 12 இலக்க எண்ணுள்ள வில்லையைக் கழற்றிவிடாதீர்கள். ஊசி போட்டதற்கான பதிவு அந்த எண்ணில்தான் இருக்கிறது.

மலைமாடு மேய்ப்பவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றினால் மான்களுக்கு நோய் வராதா?

2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம், மேகமலை தொடர்பான வழக்கில், தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது; அதே மாதத்தில் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனத் திருத்தியது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் அங்கீகரிக்கிறது. இந்த வழக்காடல் எப்படி முடிந்தாலும், நோய்க் கட்டுப்பாட்டின் கண்ணோட்டத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிடைமாட்டுக்காரர்களை விரட்டினால் அவர்கள் மந்தையோடு மறைவான வழிகளில் போவார்கள். அந்த மந்தைக்கு ஊசி போடுவது இயலாமல் போகும். கிடை எங்கே, எத்தனை மாடு, எப்போது மலையேறும் என்பதைக் கேட்டறிந்து, மலையேறுவதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே அடிவாரத்தில் ஊசி போட்டு அனுப்புவதே காட்டுக்கும் நல்லது, மாட்டுக்கும் நல்லது. எந்தச் சரிவில் மிளா செத்துக் கிடக்கிறது என்பதை அலுவலகத்துக்கு முன்பே அறிபவரும் மேய்ப்பவர்தான்.

சந்தை மாடுகள் எல்லை கடந்து போவது பற்றி?

தமிழ்நாட்டுச் சந்தைகளிலிருந்து கேரளத்துக்கு இறைச்சிக்காகவும் வளர்ப்புக்காகவும் மாடுகள் நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. நோய்க்குறி வெளியே தெரிவதற்கு முன்பே மாடு வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடும். தொற்றியதிலிருந்து குறி தெரிய 2 முதல் 14 நாட்கள் ஆகலாம். எனவே சோதனைச்சாவடியில் வாயைத் திறந்து பார்ப்பது மட்டும் போதாது. காது வில்லையையும் ஊசிப் பதிவையும் சரிபார்க்க வேண்டும். மாடு இறக்கிய லாரியைக் காட்டோர ஓடையில் கழுவுவதை நிறுத்த வேண்டும். புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டி, மற்ற மாடுகளோடும் மேய்ச்சலிலும் சேர்க்காமல் வைப்பது ஒவ்வொருவராலும் இன்றே செய்யக்கூடியது.

காட்டோரத்தில் மிளா செத்துக் கிடந்தால் என்ன செய்வது?

தொடாதீர்கள், புரட்டாதீர்கள், அறுக்காதீர்கள். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு நாய்களும் மாடுகளும் நெருங்காதபடி தொலைவில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாக வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய இரத்தம் வடிந்திருந்தால் அது ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பானாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். அப்படிப்பட்ட பிணத்தை மருத்துவர்களே அறுத்துப் பார்ப்பதில்லை; காதிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். 2021இல் தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள ஆனைகட்டிப் பகுதியில் ஒரு காட்டு யானை அடைப்பானால் இறந்தது. 2022இல் அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகள் இறந்தன. ஆகவே இது நமக்குத் தொலைவான ஆபத்து அல்ல.

அந்த இறைச்சியைச் சமைத்தால் கிருமி செத்துவிடுமே?

சமைப்பதற்கு முன் அறுப்பவரின் கையில் தொற்றிவிடும். தவிர, செத்த மானாக இருந்தாலும் அதன் இறைச்சியை எடுப்பது குற்றம்.

என் மாட்டுக்கே கோமாரி வந்துவிட்டது. காட்டுக்குப் பரவாமல் எப்படித் தடுப்பது?

சப்சப்பென்று வாயை அடித்துக்கொண்டு எச்சில் ஒழுகினாலே, கால் நொண்டும்வரை காத்திராமல் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். அந்த மாட்டை மட்டுமல்ல, அதே தொழுவத்து மாடுகள் எதையும் மேய்ச்சலுக்கு விடாதீர்கள். புல்லையும் தண்ணீரையும் தொழுவத்துக்குக் கொண்டுவாருங்கள். மாடு தின்று மிச்சம் வைத்த புல்லையும் எச்சில் பட்ட வைக்கோலையும் காட்டோரம் கொட்டாமல் எரித்துவிடுங்கள், ஏனெனில் இரவில் அதைத் தேடி மிளா வரும். நூறு லிட்டர் தண்ணீருக்கு நான்கு கிலோ சலவை சோடா கலந்து தரையையும் தொட்டியையும் கழுவுங்கள். அந்தக் கழுவுநீர் ஓடைக்கு ஓடாமல் குழி வெட்டி இறக்குங்கள். மிளகு, சீரகம், வெந்தயம், பூண்டு, மஞ்சளைத் தேங்காயோடும் வெல்லத்தோடும் அரைத்து வாயில் தடவுவது புண்ணுக்கு இதம் தரும், மாடு தீவனம் எடுக்கவும் உதவும். ஆனால் அதனால் தொற்று நிற்காது. பால் கறப்பவர் அடுத்த வீட்டுத் தொழுவத்துக்குப் போவதாக இருந்தால் கைகாலைக் கழுவி உடை மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பாலை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம்.

புண் ஆறிய பிறகும் சில மாடுகளின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். எப்போது மீண்டும் மேய்ச்சலுக்கு விடலாம் என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் அனுமதித்த பிறகும், காட்டை ஒட்டிய ஓடைக்கு மாட்டை ஓட்டிச் செல்லாமல் வீட்டுத் தொட்டியிலேயே தண்ணீர் காட்டுவது நல்லது.